‘எவன் வந்தா நமக்கென்ன?’ – ஓட்டு, கஷ்டம், நம்பிக்கை பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறுவை (ஜூன் தண்ணீரை நம்பிப் போடும் குறுகிய கால நெல்) பொய்த்த வருஷம், குவியலிலேயே நெல் முளைத்த வருஷம், குழுக் கடன் தவணை கட்ட முடியாத வாரம். இப்படிப்பட்ட நேரங்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பேச்சு எங்கே தொடங்கினாலும் “ஓட்டுப் போட்டு என்னத்தைக் கண்டோம்” என்பதில் வந்து நிற்கிறது. அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது எந்தக் கட்சிக்கும் பிரசாரம் இல்லை. ஆனால் ஓட்டுரிமை விஷயத்தில் நான் நடுநிலையும் இல்லை. அது வேண்டும் என்கிற பக்கம்தான் நிற்கிறேன்.

மக்களுக்கு ஜனநாயகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டதா?

ஆட்சி நடக்கிற விதம் பிடிக்கவில்லை என்பது ஒன்று, ஓட்டே வேண்டாம் என்பது வேறு. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2023இல் 24 நாடுகளில் கேட்டுப் பார்த்தது. நடுத்தரக் கணக்காக 59 சதவீதம் பேர் தங்கள் நாட்டில் ஜனநாயகம் நடக்கிற விதம் திருப்தியில்லை என்றார்கள். அதே ஆய்வில் 77 சதவீதம் பேர், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து ஆளும் முறை நல்லது என்றும் சொன்னார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது எண்: “எங்களைப் போன்றவர்கள் என்ன நினைக்கிறோம் என்பதில் பதவியில் இருப்பவர்களுக்கு அக்கறை இல்லை” என்றவர்கள் 74 சதவீதம்.

டெல்டாவிலும் இதைத்தான் பார்க்கிறேன். “எவன் வந்தா நமக்கென்ன” என்று சொல்கிற அதே ஆள், ஓட்டுப் போட திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வருகிறார். ஓட்டை அவர் விடவில்லை. ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற ஐந்து வருஷத்தில்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை.

கையில் காசில்லாததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு, ஆனால் நேர்க்கோடு இல்லை. ஜெர்மனியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு 2.6 சதவீத ஓட்டு. உலகப் பொருளாதார மந்தம் வந்த பிறகு 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.4. அந்த வருஷம் அங்கே வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம். சரி, ஆனால் அதே மந்தம் அமெரிக்காவையும் போட்டு அடித்தது. அங்கே மக்கள் 1932 தேர்தலில் அதிபர் ஹூவரை இறக்கிவிட்டு ரூஸ்வெல்ட்டைக் கொண்டுவந்தார்கள், தேர்தல் முறையைத் தூக்கி எறியவில்லை. ஆக, கஷ்டம் மட்டும் நம்பிக்கையை உடைப்பதில்லை. கஷ்டத்தில் இருக்கும்போது எப்படி நடத்தப்படுகிறோம் என்பதுதான் உடைக்கிறது.

2023ஐ எடுத்துக்கொள்வோம். மேட்டூர் வழக்கம்போல ஜூன் 12இல் திறந்தது. கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. கடைமடையில் குறுவை கருகியது, அக்டோபர் 10இல் அணை மூடப்பட்டது. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஐந்தாயிரத்து ஐந்நூறுக்குள்தான் வரும். உழவு, விதை, நடவு, உரம் என்று போட்டவருக்கு அது எந்த மூலைக்கு? அதிலும் பம்புசெட் வைத்திருந்தவர் தப்பித்தார், ஆற்றுத் தண்ணீரை நம்பியவர் மாட்டினார். ஒரே ஊர், ஒரே வாய்க்கால், இரண்டு விதமான வருஷம். இழப்பை மனுஷன் ஒருவழியாகத் தாங்கிக்கொள்வான். பட்டியலில் பக்கத்து வயல்காரர் பெயர் இருந்து தன் பெயர் இல்லாததைத் தாங்க மாட்டான்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பணம் கேட்கிறார்கள். அதற்கும் ஜனநாயகத்துக்கும் என்ன தொடர்பு?

எல்லாத் தொடர்பும் அங்கேதான் இருக்கிறது. டெல்டா விவசாயி அரசாங்கத்தை நேருக்கு நேர் சந்திக்கிற இடம் சட்டசபை இல்லை, நேரடி நெல் கொள்முதல் நிலையம். வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ தன் மொத்த உழைப்பையும் கொண்டுபோய் அரசாங்கத்தின் முன்னால் கொட்டிவிட்டு நிற்கிறார். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே இருக்கிறது என்று நாள் தள்ளிக்கொண்டே போகும். மழை வந்தால் குவியல் நனையும். 2025 அக்டோபரில் குறுவை நெல் சாலையோரங்களில் குவிந்து கிடந்து முளைவிட்டதை நாடே பார்த்தது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போனது.

அந்த நெருக்கடியில்தான் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீளுகிறது. கொடுக்காவிட்டால் நெல் நனையும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அங்கே கொடுக்கிற காசைவிட, அப்போது மனதில் பதிகிற பாடம்தான் பெரிய நஷ்டம்: சட்டப்படி எனக்கு உரியது எனக்குத் தானாக வராது, யாரையாவது பார்த்தால்தான் வரும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025–26 பருவத்துக்குச் சன்ன ரக நெல் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. குவிண்டாலுக்கு 2,500 தருவோம் என்பது 2021 தேர்தல் வாக்குறுதி. அது கைக்கு வர நான்கு வருஷத்துக்கு மேல் ஆனது. அடுத்த தேர்தல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தபோதுதான் அது வந்தது. ஓட்டுக்குப் பலம் இருக்கிறது என்பதும், அது எப்போது மட்டும் வேலை செய்கிறது என்பதும் இதிலேயே தெரிகிறது.

குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். கோயில் நிலமோ, வெளியூரில் இருக்கிற உரிமையாளர் நிலமோ, வாய்ப்பேச்சில் சாகுபடி செய்கிறார். கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற பதிவு) வேண்டும், அதற்குக் கிராம நிர்வாக அலுவலரான விஏஓவைப் பார்க்க வேண்டும். நிவாரணமும் பயிர்க் காப்பீடும் காகிதத்தில் பெயர் உள்ளவரைத் தேடிப் போகின்றன. வெயிலில் நின்றவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. “இது என் அரசாங்கம்” என்று அவர் எதை வைத்துச் சொல்வார்?

கேள்வி கேட்க ஆளில்லாத ஒரு வலுவான தலைவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

டெல்டாக்காரர்கள் இதற்குப் பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். கோடியக்கரைக்கு எதிர்க்கரையிலேயே இருக்கிறது.

இலங்கையில் 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச ஓட்டு வாங்கித்தான் ஜனாதிபதி ஆனார். ஒழுங்கைக் கொண்டுவருவார், வேகமாக முடிவெடுப்பார் என்று நம்பினார்கள். 2020 அக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் வந்தது. ஜனாதிபதியின் கைகளைக் கட்டியிருந்த பல கயிறுகள் அவிழ்ந்தன. 2021 ஏப்ரல் கடைசியில், இனி ரசாயன உரம் இறக்குமதி கிடையாது, நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்று அறிவித்தார். வேளாண் அறிஞர்கள் எச்சரித்தார்கள், விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் ஒரு போகம் போய்விட்டது. அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. அந்நியச் செலாவணியும் ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்தது. 2022 ஜூலை 13இல் அவர் நாட்டை விட்டே வெளியேறினார்.

சம்பாவுக்கு மேலுரம் போடுகிற வாரத்தில் யூரியா தட்டுப்பாடு வந்தாலே நம் ஊரில் கூட்டுறவுச் சங்க வாசலில் என்ன நடக்கும் என்று தெரியும். அங்கே மொத்தப் போகத்துக்கும் உரமில்லாமல் நின்றார்கள். வேகமாக முடிவெடுக்கிற தலைவர் தவறான முடிவையும் அதே வேகத்தில்தான் எடுப்பார். “ஐயா, இது தப்பு” என்று சொல்லித் தடுக்க ஓர் இடம் வேண்டாமா? பிறகு 2024 செப்டம்பரில் இலங்கை மக்கள் மறுபடியும் வரிசையில் நின்று, ஓட்டுப் போட்டு, வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவு பட்ட பிறகும் அவர்கள் நம்பியது ஓட்டைத்தான்.

சிங்கப்பூர் மாதிரி கண்டிப்பாக ஆண்டால் என்ன?

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர் பார்த்தவர் என்பதால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். அங்கே வேலைகள் ஒழுங்காக நடப்பது உண்மை, லஞ்சம் குறைவு என்பதும் உண்மை. ஆனால் அங்கே வொர்க் பெர்மிட்டில் இருக்கிற நம் பையனுக்கு ஓட்டு இல்லை. முதலாளி சம்பளத்தைப் பிடித்தால் அவன் எவ்வளவு தயங்கித் தயங்கிப் புகார் கொடுக்கிறான் என்று அவனையே கேளுங்கள். கேள்வி கேட்க முடியாத இடத்தில் நாம் மேலே இருப்போமா கீழே இருப்போமா என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

ராஜராஜ சோழன் காலத்தில் நாடு நன்றாகத்தானே இருந்தது?

பெரிய கோயிலைக் கட்டியவர் மேல் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையில் நம்மில் பெரும்பாலோருக்கு இடம் எங்கே இருந்திருக்கும்? சோழர் காலக் குடவோலை முறைக்கு (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறை) உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவார்கள். ராஜராஜனுக்கு முந்திய பராந்தகன் காலத்தது அது. கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் உறவினரும் போட்டியிடவே முடியாது என்று அதில் இருக்கிறது. இன்றைக்கும் அது எவ்வளவு தேவையான விதி! அதே கல்வெட்டுப்படி உறுப்பினராக நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். நாற்று நட்ட பெண்ணின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை.

எமர்ஜென்சியில் எல்லாம் நேரத்துக்கு நடந்ததாமே?

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது, ஆகவே நேரத்துக்கு நடக்காதது எதுவும் அச்சில் வரவில்லை. தொழிலாளிகளின் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தது. 1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டு அரசையே கலைத்தார்கள். இருந்தும் 1977இல் தமிழ்நாடு 39 தொகுதிகளில் 34ஐக் காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கே கொடுத்தது. வட இந்தியாவில் பட்ட அடி இங்கே அதே அளவில் விழவில்லை. அதனால்தான் நம் பக்கத்தில் அந்தக் காலத்தைப் பற்றி இன்னும் இப்படிப் பேச முடிகிறது.

ஓட்டால் டெல்டாவில் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்வேன்.

ஒரே ஆள் வைத்தது சட்டம், எதிர்த்துக் கேட்க ஆளில்லை என்கிற ஆட்சியைக் கீழத்தஞ்சை ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. அதன் பெயர் பண்ணை. நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் சொன்னதுதான் கூலி, சொன்னதுதான் நீதி. பண்ணைக்கே கட்டுப்பட்டு உழைத்த பண்ணையாள் தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால், அதாவது சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது. 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாக்கினார்கள். பிறகு 1952இல் எல்லோருக்கும் ஓட்டு என்ற முதல் பொதுத்தேர்தல் வந்தது. மிராசுதாருக்கும் ஒரு ஓட்டு, அவர் பண்ணையாளுக்கும் ஒரு ஓட்டு. தஞ்சை மாவட்டத்தில் பல தொகுதிகளில் கம்யூனிஸ்ட் வேட்பாளர்கள் ஜெயித்தார்கள். சில மாதங்களிலேயே, கம்யூனிஸ்டுகளைக் கடுமையாக எதிர்த்த ராஜாஜியின் அரசே தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு என்ற குத்தகைக்கு)ச் சாகுபடி செய்தவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளைக் காரணமில்லாமல் விரட்டக் கூடாது. ஆட்சியிலிருந்தவரின் மனம் மாறியதால் வந்த சட்டம் இல்லை. எண்ணிப் பார்த்த ஓட்டுகளால் வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பண்ணையாள் என்றால்தானே சட்டம் என்று பல மிராசுகள் தினக்கூலிக்கு மாறிக்கொண்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். தண்டிக்கப்பட்டவர்களும் பின்னால் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். நீதிமன்றம் கைவிட்ட அந்த மக்களுக்குச் சட்டசபை கொஞ்சமாவது கொடுத்தது: 1969இல் நியாயக் கூலிச் சட்டம், 1971இல் குடியிருப்பு மனையைக் குடியிருந்தவருக்கே உரிமையாக்கிய சட்டம். திருவாரூர், நாகைப் பக்கம் எத்தனையோ தெருக்கள் இன்றைக்கு யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாமல் நிற்பது அந்தச் சட்டத்தால்.

பக்கத்துக் காலத்திலும் உண்டு. மீத்தேன், ஹைட்ரோகார்பன் எதிர்ப்பில் நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017இல் உட்கார்ந்து போராடின. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி நிலக்கரித் தொகுதிகளை ஏலப் பட்டியலிலிருந்து மத்திய அரசு எடுத்தது. எல்லாப் போராட்டமும் இப்படி முடிவதில்லை. அதே 2017இல் டெல்லி ஜந்தர் மந்தரில் 41 நாள் இருந்த நம் விவசாயிகளுக்கு, மத்திய அரசிடம் கேட்ட கடன் தள்ளுபடி கிடைக்கவில்லை.

அப்படியானால் காவிரி ஏன் தீரவில்லை? இரண்டு மாநிலத்திலும் தேர்தல்தானே நடக்கிறது?

இது நியாயமான அடி, ஏற்றுக்கொள்கிறேன். கர்நாடகத்து மண்டியாக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒரே முதலமைச்சருக்கு ஓட்டுப் போடுவதில்லை. அங்கே தண்ணீர் விடுகிறேன் என்று சொல்பவர் அங்கே தோற்பார். ஆற்றுக்கு ஓட்டு எல்லை தெரியாது, ஓட்டுக்கு ஆறு தெரியாது. அதனால்தான் 1990இல் நடுவர் மன்றம், 1991இல் இடைக்கால உத்தரவு, 2007இல் இறுதித் தீர்ப்பு, 2013இல் அரசிதழ், 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டியது 177.25 டிஎம்சி (நூறு கோடி கன அடி) என்று முடிவு செய்தது. ஒரு தலைமுறையே போய்விட்டது. நல்ல மழை வருஷத்தில் சண்டையே இல்லை. பற்றாக்குறை வருஷத்தில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் இன்னும் முட்டல். இதை ஓட்டு தீர்க்காது. இரண்டு பக்கத்து அரசியல்வாதிகளுக்கும் அஞ்சாத, அணைக் கணக்கைத் தினமும் வெளியே வைக்கிற ஆணையம்தான் தீர்க்கும். 2018இல் அமைந்த மேலாண்மை ஆணையம் அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை என்பது என் கருத்து.

காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்ட நாம் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். 2016 மே மாதம் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தேர்தலை ரத்து செய்த இரண்டு தொகுதிகளில் ஒன்று நம் தஞ்சாவூர் (இன்னொன்று அரவக்குறிச்சி). நவம்பர் 19இல்தான் அங்கே ஓட்டுப் பதிவு நடந்தது. நமக்கு அது தலைகுனிவு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நாள் கூலிக்குச் சமமான பணத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவரைக் குற்றவாளியாக்கிவிட்டு, கட்டுக்கட்டாக இறக்கினவரை வேட்பாளர் என்று மரியாதையாகக் கூப்பிடுவதை என்னால் ஏற்க முடியாது. வாங்கினீர்கள் என்பதற்காக உங்கள் ஓட்டு அவருடையதாகி விடாது. உள்ளே எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்று எவருக்கும் தெரியாது. கொடுப்பவர்கள் இதை மாற்றிச் சொல்லிப் பயமுறுத்துவதுண்டு, நம்ப வேண்டாம்.

நோட்டா போடலாமா? புறக்கணிக்கலாமா?

நோட்டா 2013இல் வந்தது. அதற்கு அதிக ஓட்டு விழுந்தாலும் சட்டசபை, நாடாளுமன்றத் தேர்தலில் அடுத்து வந்த வேட்பாளரே ஜெயித்தவர். கோபத்தைப் பதிவு செய்யும், வேறெதுவும் செய்யாது. ஊரே சேர்ந்து புறக்கணிப்பு என்று பேனர் கட்டினால் தாசில்தார் ஓடி வருவார். சில சமயம் ரோடு கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தேர்தல் இல்லாத காலத்தில் நாங்கள் என்னதான் செய்ய முடியும்?

முதலில், உள்ளாட்சித் தேர்தலை நேரத்துக்கு நடத்தச் சொல்லிக் கேளுங்கள். இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நடுவில் மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள். அந்த இடைவெளியில்தான், 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னை மொத்தமாகச் சாய்ந்தது. எந்த வீடு விழுந்தது, எந்தத் தோப்பு போனது என்று தெருத் தெருவாகத் தெரிந்த வார்டு உறுப்பினரோ தலைவரோ பதவியில் ஒருவரும் இல்லை. திட்டுவதற்குக்கூட ஊருக்குள் ஆளில்லை. ஜனம் சாலையில் போய் உட்கார்ந்து மறியல் செய்தது. 2025 ஜனவரியில் அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்ததும் டெல்டா ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போயின. எம்எல்ஏ தேர்தல் ஆறு மாதம் தள்ளிப்போனால் நாம் சும்மா இருப்போமா? ஊராட்சி பிரசிடெண்ட் தேர்தல் தள்ளிப்போனால் மட்டும் ஏன் இருக்கிறோம்?

அடுத்தது கிராம சபை. அது கூடுகிற நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. “அங்கே போய் என்ன, கையெழுத்து வாங்கி அனுப்புவார்கள்” என்பது சரியான குறைதான். தனியாகப் போனால் அப்படித்தான் நடக்கும். பத்துப் பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியோடு போய்ப் பாருங்கள். தூர்வாரிய வாய்க்காலின் நீளம் எவ்வளவு, பில் எவ்வளவு? பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்பதையே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் எங்களுக்கு ஏது நேரம்?

உண்மைதான், வாரக் கடன் கட்ட ஓடுகிறவரிடம் ஜனநாயகக் கடமை பற்றிப் பேசுவது எளிது. ஆனால் அந்தக் கடனுக்காக மகளிர் குழுவில் ஏற்கெனவே உட்காருகிறார்கள். அதே கூட்டத்தில் கால் மணி நேரம் போதும். கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க 2025இல் மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது. வாசலில் வந்து உட்காருகிற வசூல்காரரிடம் அந்தச் சட்டத்தைச் சொல்ல ஒருவர் கூட இருந்தால் போதும், குரல் இறங்கிவிடும்.

அப்புறம், ஒருவர் மட்டும் செய்யக்கூடியதும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. உங்கள் கொள்முதல் நிலையத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தினமும் எத்தனை மூட்டை எடுத்தார்கள், எந்த வரிசையில் எடுத்தார்கள், லாரி எந்தெந்தத் தேதியில் கிளம்பியது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பதில் வந்ததும் அதை மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கையில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.